இருபத்து நான்கு கட்டங்கள்

பொது வார்டில் ஆறு படுக்கைகளுக்கு ஒரு செவிலியர் என்ற விகிதம் மூன்று ஷிப்டுகளிலும் குறையாமல் பராமரிக்கப்படும். வார்டுப் பொறுப்புச் செவிலியர் இக்கணக்கில் சேர்க்கப்பட மாட்டார். பயிற்சி மாணவியரும் சேர்க்கப்பட மாட்டார்கள். விடுப்பில் செல்பவருக்கு மாற்று ஆள் அதே ஷிப்டில் அமர்த்தப்படுவார்.

ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே இருக்கும் அந்த ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், லிஃப்ட் கதவுக்கு எதிரே கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்த ஆணை இது. பன்னிரண்டு நாள் அந்த லிஃப்டுக்காகக் காத்து நின்றதில் எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

எழுதியவர் தொழில் தெரிந்தவர். ‘இயன்றவரை’, ‘முயற்சி செய்யப்படும்’ என்பவை போன்ற பின்வாசல்கள் எதையும் அவர் வைக்கவில்லை. ஆவடியில் ஒரு தொழிற்சாலையின் நிர்வாகப் பிரிவில் முப்பத்தாறு வருடம் ஆணைகளை வரைந்தும் திருத்தியும் சம்பளம் வாங்கியவன் நான். பின்வாசல் இல்லாத விதியைப் பார்த்தால் எனக்கு நல்ல காபி குடித்த மாதிரி இருக்கும். சரியான இடத்தில்தான் மனைவியைச் சேர்த்திருக்கிறோம் என்று அந்தச் சட்டத்தின் முன்னால் நின்று நிம்மதிப்பட்டுக்கொண்டேன்.

பொங்கல் முடிந்த வாரம், எங்கள் அடுக்குமாடியில் கார் நிறுத்தும் இடத்தில், யாரோ வண்டி கழுவிவிட்டுப் போன ஈரத்தில் அவள் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. உள்ளே கம்பி வைத்துத் திருகினார்கள். அறுவை செய்த டாக்டர் என்னிடம் இரண்டு விஷயம் சொன்னார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அவளைப் பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வரும். கால்களுக்கு நடுவே தலையணை வைத்து, பழகிய இரண்டு பேர் சேர்ந்துதான் புரட்ட வேண்டும். வீட்டு ஆட்கள் கை வைத்தால் உள்ளே வைத்தது நகர்ந்துவிடும். தொடக்கூடாது என்றால் தொடாமல் இருக்கத் தெரிந்தவன் நான். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

வார்டில் முப்பது படுக்கை. விதிப்படி ஐந்து செவிலியர், அவர்களுக்கு மேல் பொறுப்புச் செவிலியர் ஒருவர். முதல் நாள் பகல் ஷிப்டில் எண்ணிப் பார்த்தேன். பொறுப்புச் செவிலியரையும் சேர்த்து மூன்று பேர். சேர்க்கக் கூடாதவரைச் சேர்த்தும் பாதிதான். அறுவை முடிந்த நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை, அந்த மூன்றும் இரண்டாயிற்று. அதில் ஒருத்தி பயிற்சி மாணவி.

மற்றவர்கள் எங்கே என்று தரை துடைக்க வந்த ஆயாம்மாவிடம் கேட்டேன். அவர் மாப்பை நிறுத்தவில்லை.

“ஒண்ணு துபாய் பூட்ச்சி. ஒண்ணு கவர்மெண்ட்டு வேலைக்குப் பூட்ச்சி. ஒண்ணு மாசமா கீது, ஊட்டுக்கு அனுப்ச்சிட்டாங்கோ. மிச்சம் கீறது இந்தப் பொண்ணுதான். அது மட்டும் இன்னா சார், நாலு கையா வெச்சினுகீது?”

இந்தப் பொண்ணு என்று அவர் காட்டியது பொறுப்புச் செவிலியரை. தென்காசிப் பக்கத்துப் பெண், முப்பது வயது இருக்காது. மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே போகும்போது யார் என்ன கேட்டாலும் அந்தப் படுக்கையின் எண்ணைப் புறங்கையில் பேனாவால் எழுதிக்கொள்வாள். ஒவ்வொரு நோயாளியைத் தொட்ட பிறகும் கை கழுவ வேண்டும் என்பது இன்னொரு விதி. அதை அவள் ஒழுங்காகக் கடைப்பிடித்தாள். கழுவக் கழுவ எண்கள் அழிந்தன. அழிந்த எண்ணுக்கு உரியவர் காத்துக்கொண்டிருப்பார்.

எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. ஷிப்ட் மாறும்போது ஒப்படைக்கும் பதிவேட்டுக்கு மூன்றாம் நாளே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் கொடுத்திருந்தேன். ஓய்வு பெற்று ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக ஒருவர் என் எழுத்தைப் பார்த்து அச்சு மாதிரி இருக்கிறது என்றார். அதற்கு மயங்காத அலுவலக ஊழியன் இன்னும் பிறக்கவில்லை.

ஞாயிறு பதினொரு மணிக்கு அவளும் ஆயாம்மாவும் சேர்ந்து என் மனைவியை ஒரு முறை இடதுபக்கம் புரட்டினார்கள். பிறகு மதியம் மறுபடி மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். அதற்குப் பிறகு திங்கள் ராத்திரி எட்டு மணி வரை நான் பார்த்து யாரும் வரவில்லை. பெண்கள் வார்டு என்பதால் எட்டு மணிக்கு மேல் ஆண்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். அந்த நேரங்களில் என்ன நடந்தது என்று மனைவி சொல்லித்தான் தெரியும். கட்டிலில் தொங்கிய பொத்தானை அழுத்தினால் செவிலியர் மேசைக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும். அவள் அழுத்தினாள். விளக்கு எரிந்தது. வேறு எட்டுப் பத்து விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன.

திங்கள் சாயங்காலம், வலிக்கு ஊசி போட்டு அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது, பொறுப்புச் செவிலியர் ஒரு அட்டையில் காகிதங்களைச் செருகி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

“சார், ஒரு உதவி. நாளைக்குத் தரச்சான்று குடுக்க ஆளு வாராங்க. முப்பது சார்ட்டுலயும் கட்டம் காலியாக் கெடக்கு. நான் நோயாளியப் பாக்கவா, சார்ட்டப் பாக்கவா? அம்மாவோடத நீங்க நெரப்பித் தந்தா நான் கையெழுத்து மட்டும் போட்டுக்கிடுதேன்.”

பக்கம் மாற்றியதைக் குறிக்கும் அட்டவணை அது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கட்டம். இடது, வலது, மல்லாந்து என்று ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து போட வேண்டும். ஞாயிறு, திங்கள் இரண்டு நாளைக்கு இருபத்து நான்கு கட்டங்களும் காலி. ஞாயிறு பதினொரு மணிக்கு உண்மையிலேயே புரட்டியதைக்கூட எழுத அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

மறுத்திருக்க வேண்டும். என் உத்தியோக வாழ்க்கையில் தணிக்கைக்காரர்கள் எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம் வேறு: காலியான கட்டம் குற்றம், தவறான பதிவு வெறும் பிழை. குற்றத்துக்கு விளக்கம் கேட்பார்கள். பிழையைச் சிவப்பு மையில் திருத்திவிட்டுப் போவார்கள். காலியான கட்டத்தைப் பார்த்தால் எனக்கு இப்போதும் கை ஊறும். அதோடு, அந்தப் பெண்ணின் வேலை போய்விடக் கூடாது என்றும் நினைத்தேன். சான்று கிடைத்தால் ஆஸ்பத்திரி ஆள் சேர்க்கும், அடுத்து வருகிறவர்களுக்காவது ஐந்து பேர் இருப்பார்கள் என்றும் நினைத்தேன். நினைப்பதற்கா குறைவு.

நிரப்பினேன். ஒரே கையில், ஒரே மூச்சில் எழுதிய மாதிரி தெரியக் கூடாது என்று நீலத்திலும் கறுப்பிலும் பேனாவை மாற்றினேன். இடது, மல்லாந்து, வலது, மல்லாந்து. நான் அங்கே இல்லாத நேரங்களுக்கும், இன்னும் வராத திங்கள் ராத்திரிக்கும் எழுதினேன். அவள் ஒவ்வொரு கட்டத்தின் கீழும் சுருக்கொப்பம் போட்டாள். என் மனைவி ஓர் அடி தள்ளி, முதுகு மெத்தையில் பதிந்தது பதிந்தபடி, மல்லாந்து படுத்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் வார்டுக்குள் நுழைந்தபோது மாடி மாறி வந்துவிட்டேனோ என்று திரும்பிப் போய் லிஃப்டைப் பார்த்தேன். ஐந்து செவிலியர். கஞ்சி போட்ட சீருடை. யாரையும் நான் பார்த்ததில்லை. ஒருத்தி குளுக்கோஸ் பாட்டில்கள் எந்த அலமாரியில் என்று ஆயாம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இன்னிக்குக் கல்யாணக் கூட்டம் சார்,” என்றார் ஆயாம்மா. “அல்லாம் கீழ்மாடி, மேல்மாடி ஆளுங்கோ. நாளிக்கி வந்து பாரு, நானும் அந்தப் பொண்ணுந்தான் கீறோம்.”

வந்தவர்கள் வேலை தெரிந்தவர்கள்தான். இரண்டு பேர் தலையணை வைத்து, இரண்டே அசைவில் என் மனைவியைப் பக்கவாட்டில் திருப்பினார்கள். திருப்பியவர்களில் ஒருத்தி அப்படியே நின்றாள். முதுகுத்தண்டு முடியும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கறுத்து, நடுவில் பிய்ந்திருந்தது. அவசரமாக மருந்து வைத்து மூடினார்கள். ஆய்வாளர்கள் அடுத்த வரிசையில் இருந்தார்கள். எங்கள் கட்டிலுக்கு வந்தபோது அட்டவணையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு புண் ஆழமானது. இடுப்பெலும்பு சொன்னபடி கூடியது. புண் கூடவில்லை. மல்லாந்து படுக்க முடியாது, நாற்காலியில் உட்கார முடியாது. நடைப்பயிற்சி சொல்லித்தர வந்தவர், உட்கார்ந்து எழாதவரை எப்படி நடக்க வைப்பது என்று திரும்பிப் போனார். ஒன்றரை மாதத்தில் நடக்க வேண்டியவள் மூன்றாம் மாதத்திலும் ஒருக்களித்துப் படுத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளும் எங்கள் தொழிற்சாலைதான். சீருடை தைக்கும் பிரிவில் தர ஆய்வாளராக இருந்தாள். அழுகிற ஆள் இல்லை. வீட்டுக்கு வந்த பத்தாவது நாள், கட்டு மாற்றிவிட்டு நர்ஸ் போன பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

“பொத்தான அழுத்திக்கிட்டே இருந்தேங்க. யாரும் வரல. ஆள் இல்ல, அதனால வரலன்னு அவங்க ஒரே ஒரு வரி எழுதித் தரணும். வேற எதுவும் எனக்கு வேணாம்.”

“நஷ்ட ஈடு?”

“யாருக்கு வேணும் அது. இதக் கேளுங்க. உங்களுக்குத்தான் எழுதத் தெரியுமே.”

எழுதத் தெரியும். லிஃப்டுக்கு எதிரே மாட்டியிருந்த ஆணையின் நான்கு வாக்கியங்களையும் அப்படியே எடுத்து எழுதி, படுக்கை எண், தேதி, ஷிப்ட் எல்லாம் குறித்து, ஒரு கடிதம் தயார் செய்தேன். பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். அட்டவணையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை. அது எங்கேயோ கயிறு போட்ட ஒரு காகிதக் கட்டுக்குள் கிடக்கும் என்று இருந்துவிட்டேன். நான் கட்டிவைத்த எத்தனையோ காகிதங்களை இருபது வருடம் யாரும் அவிழ்த்ததில்லை.

மாசிக் கடைசியில் நேரில் வரச் சொன்னார்கள். நிர்வாக மேலாளர் ஏறக்குறைய என் மகன் வயதுக்காரர். தண்ணீர் வரவழைத்தார், அம்மா எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார், பிறகு ஒரு கோப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினார்.

“நீங்க எழுதினது உங்க வருத்தம் சார், புரியுது. ஆனா ரெக்கார்டு வேற சொல்லுது பாருங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ, ஒண்ணுகூட விடல. எவ்ளோ நீட்டா மெயின்டெயின் பண்ணியிருக்காங்க.”

நீலம், கறுப்பு, நீலம். என் கையெழுத்துதான். எத்தனையோ பேர் என் மேசைக்கு எதிரே இப்படி உட்கார்ந்திருக்கிறார்கள். பதிவேட்டைத் திருப்பிக் காட்டி, இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறேன். அவர்கள் ஏன் வாயே திறக்காமல் எழுந்து போனார்கள் என்பது அன்றைக்குப் புரிந்தது. தண்ணீரைக் குடித்துவிட்டு நானும் எழுந்து வந்தேன்.

குமணன்சாவடியில் இறங்கி, பஸ் மாற வேண்டிய இடத்தில் இரண்டு பஸ்ஸை விட்டேன். வீட்டுக்கு வந்ததும், என்ன சொன்னார்கள் என்று அவள் கேட்டதற்கு, பரிசீலிக்கிறார்களாம் என்றேன். என்னிடம் கைவசம் இருந்த வார்த்தை அதுதான். மூன்று நாள் அதை வைத்து ஓட்டினேன். நான்காம் நாள் கட்டு மாற்றும்போது அவள் தலையணையைக் கடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, நர்ஸ் போனதும் எல்லாவற்றையும் சொன்னேன். பேனா மாற்றியதையும் சொன்னேன்.

அவள் சுவர்ப்பக்கம் பார்த்துப் படுத்திருந்தாள். திரும்பவில்லை. திரும்பிப் பார்க்கவும் அவளுக்கு யாராவது கை கொடுக்க வேண்டும். நான் கொடுக்கப் போனேன், வேண்டாம் என்றாள்.

“முப்பது வருஷம், பாக்காத துணியில நான் ஒரு சீல் குத்தினதில்ல. நீங்க என் முதுகு மேலயே குத்திட்டு வந்திருக்கீங்க.”

அதற்குப் பிறகு இரண்டு நாள் பேச்சில்லை. சாப்பாடு கொண்டுபோய் வைத்தால் சாப்பிட்டாள். மூன்றாம் நாள், பேப்பரும் பேனாவும் எடுத்து வரச் சொன்னாள். அந்தக் கட்டங்களை நிரப்பியது நான், அவை பொய் என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்றாள். அந்தப் பெண்ணுக்கு ஆபத்தாகுமே என்றேன்.

“அவ பேர எழுதாதீங்க. முப்பது பேருக்கு நடுவுல ஒருத்தியா நின்ன பொண்ணு அது. உங்க தப்ப மட்டும் எழுதுங்க. எத்தன பேர் இருந்தாங்கன்னு கேளுங்க. அவங்க எண்ணிச் சொல்லட்டும்.”

பெயர் எழுதவில்லை. கட்டத்துக்குக் கட்டம் அந்தப் பெண்ணின் சுருக்கொப்பம் இருக்கிறது என்பது எனக்கு மறந்துபோய்விடவில்லை. அது தெரிந்துதான் எழுதினேன். முறையான விசாரணை என்றால் பணிப்பட்டியலை வரவழைப்பார்கள், வருகைப் பதிவேட்டோடு ஒப்பிடுவார்கள், ஐந்து பேர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பேர் இருந்ததைக் காண்பார்கள், இரண்டு பேரால் என்ன முடியும் என்ற கேள்வி தானாக எழும். நான் அப்படித்தான் செய்திருப்பேன். எல்லோருக்கும் என்னைப் போலவே கோப்பு படிக்கத் தெரியும், படித்ததை மதிக்கவும் தெரியும் என்று இந்த வயதிலும் நம்பினேன். ‘சம்பந்தப்பட்ட இரு நாட்களின் பணிப்பட்டியல் நகலும் வருகைப் பதிவேட்டின் நகலும் அனுப்பி வைக்கக் கோருகிறேன்’ என்ற வரியின் கீழே கோடு போட்டேன்.

சித்திரை பாதியில் ஒரு மத்தியானம் போன் வந்தது. பெயர் சொல்லாமலே குரல் தெரிந்துவிட்டது.

“சார், நீங்க எழுதிக் குடுத்ததா சொல்லுதாங்க. நெசந்தானா?”

“ஆமாம்மா. உன் பேர் எதுவும் எழுதல.”

பின்னால் மருந்து வண்டியோ ஸ்ட்ரெச்சரோ உருளும் சத்தம் கேட்டது.

“சரி சார்,” என்றாள். “அம்மா நடக்காங்களா?”

இன்னும் இல்லை என்றேன். வைத்துவிட்டாள். அவள் எண்ணுக்குத் திரும்பக் கூப்பிட்டு என்ன சொல்வது என்று யோசித்து யோசித்து, கூப்பிடவில்லை. நான் அவளுக்குக் கோடு போட்டுக் கொடுத்த பதிவேட்டில் அவள்தான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறாளா என்று மட்டும் நினைப்பு வந்துகொண்டே இருந்தது.

வைகாசியில் ஒரு நினைவூட்டல் அனுப்பினேன். ஆனியில் இன்னொன்று. மூன்றாவதை நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வந்தேன். அன்று படியேறி மூன்றாவது மாடிக்கும் போனேன். லிஃப்டுக்கு எதிரே சட்டம் துடைத்து வைத்த மாதிரி பளபளப்பாக இருந்தது. பக்கத்தில் புதிதாகத் தரச்சான்று, அதைவிடப் பெரிய சட்டத்தில். கதவின் கண்ணாடி வழியாக உள்ளே எண்ணினேன். மூன்று பேர். தென்காசிப் பெண் அவர்களில் இல்லை. ஆயாம்மா என்னைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் யாரோ நின்றதால், தெரியாதவர் மாதிரி மாப்பைத் தள்ளிக்கொண்டு போனார்.

புண் மெல்ல மெல்ல அடியிலிருந்து ஆறி மேலே வந்தது. ஆடி பிறந்த பிறகு அவள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஹால் வரை நடந்தாள். பால்கனிக் கதவு வரை ஒரு நாள். தபால்காரர் கூப்பிட்ட அன்று கதவு வரைக்கும் அவளே போனாள். நான் குளித்துக்கொண்டிருந்தேன். கையெழுத்துப் போட்டு வாங்கியது அவள்.

நான் வெளியே வந்தபோது, நின்ற நிலையிலேயே, வாக்கரின் மேல் கடிதத்தை வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம்தான். எங்கள் புகார் முழுமையாக விசாரிக்கப்பட்டது. குறிப்பிட்ட இரு நாட்களிலும் நோயாளி விதிப்படி பக்கம் மாற்றப்படவில்லை என்பதும், அட்டவணையில் பொய்ப் பதிவு செய்யப்பட்டிருப்பதும் உறுதியாகிறது. பணிப்பட்டியலின்படி அந்நாட்களில் செவிலியர் எண்ணிக்கை விகிதத்துக்குக் குறையாமல் இருந்ததால், இதற்கு ஆள் பற்றாக்குறை காரணமல்ல, பொறுப்புச் செவிலியரின் தனிப்பட்ட கவனக்குறைவே காரணம். அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டுள்ளார். தாங்கள் சுட்டிக்காட்டியமைக்கு நிர்வாகம் நன்றி தெரிவிக்கிறது.

பணிப்பட்டியலின் நகல் இணைத்திருந்தார்கள். அதில் ஐந்து பெயர்கள் இருந்தன. துபாய் போனவள், அரசாங்க வேலைக்குப் போனவள், மகப்பேறு விடுப்பில் போனவள் எல்லோரும் அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வார்டில் வேலை பார்த்திருக்கிறார்கள். தட்டச்சில் ஒரு பிழை இல்லை. வருகைப் பதிவேட்டின் நகலை மட்டும் அனுப்பவில்லை.

யாரும் வரவில்லை என்ற வரி அதில் இருந்தது. அவள் ஆறு மாதமாகக் கேட்ட வரியில் பாதி. நான் துண்டோடு நின்றுகொண்டிருந்தேன். மேல்முறையீடு செய்யலாம், மாவட்ட அதிகாரிக்கு எழுதலாம், எந்தப் பிரிவின் கீழ் என்றுகூட எனக்குத் தெரியும் என்று சொல்ல ஆரம்பித்தேன்.

“நான் இதக் கேக்கல,” என்றாள். கடிதத்தை மடிக்காமல் என் கையில் கொடுத்துவிட்டு, வாக்கரைத் திருப்பிக்கொண்டு, ஒவ்வோர் அடியாக உள்ளே நடந்து போனாள்.

கோப்பில் குறிக்கிற மாதிரி சொன்னால், பதில் வந்தது ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி.